வாகனத்தின் வயதும் நிலையும்

மோட்டார் வாகனம் ஒரு யந்திரம். உராயும் உறுப்புக்களைக் கொண்ட எந்த யந்திரமும் நாளடைவில் தேய்ந்தே தீரும். பிரேக்குக் கட்டைகள் தேய்கின்றன. டயரின் வரிகள் மழுங்குகின்றன. ஸ்டியரிங்கின் மூட்டுக்கள் தளர்கின்றன. விளக்கின் ஒளி திசை மாறுகிறது. தொழிற்சாலையில் உள்ள யந்திரம் பழுதுற்றால் உற்பத்தி நிற்கும். சாலையில் ஓடும் யந்திரம் பழுதுற்றாலோ, அதில் செல்வோருக்கு மட்டுமன்றி, அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத வழிப்போக்கருக்கும் உயிருக்கு அபாயம் நேர்கிறது. 2022-ம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் விபத்துக்களில் மாண்டனர். இவற்றுள் பெரும்பகுதிக்கு மிகுவேகமே காரணமாகக் குறிக்கப்படுகிறது என்பது உண்மையே. ஆயினும், ஓட்டுநர் எவ்வளவு கவனமுடையவராயினும், மிதித்த பிரேக் பிடிக்காவிடில் அவர் செய்யக்கூடியது அதிகம் இல்லை.

ஆகவேதான் வாகனத்தை உரிய காலத்தில் சோதித்து, அது சாலையில் ஓடத் தக்கதே என்று சான்று அளிக்கும் முறை பல நாடுகளில் தோன்றியது. அம்முறை இந்தியத் தலைநகரில் எவ்வாறு இயங்கி வந்துள்ளது, அதில் எங்கே குறை உள்ளது என்பன ஆராயத்தக்கவை.

சட்டம் கூறுவது

வாடகைக்கு ஓடும் வாகனங்களுக்குத் தகுதிச் சான்று வேண்டும் என்ற விதி 1939-ம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்திலேயே இடம் பெற்றிருந்தது. இன்று நடைமுறையில் உள்ள 1988-ம் ஆண்டுச் சட்டத்தின் 56-வது பிரிவு அதனை வற்புறுத்துகிறது. லாரி, பஸ், டாக்ஸி, ஆட்டோ ரிக்ஷா முதலிய போக்குவரத்து வாகனங்கள் யாவும் இதற்கு உட்பட்டவை. புதிய வாகனத்துக்கு முதலில் இரண்டு ஆண்டுகளுக்குச் சான்று கிடைக்கிறது. அதன் பிறகு ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும் என்று முன்னர் இருந்தது. 2018-ம் ஆண்டு இறுதியில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, எட்டு வயது வரையுள்ள வாகனங்கள் இரண்டாண்டுக்கு ஒரு முறையும், அதற்கு மேற்பட்டவை ஆண்டுக்கு ஒரு முறையும் சோதனைக்கு வரவேண்டும்.

சொந்த உபயோகத்துக்கான கார்களுக்கும் இருசக்கர வாகனங்களுக்கும் விதி வேறு. அவற்றின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அக்காலம் முடிந்த பிறகே அவை பதிவைப் புதுப்பித்துக்கொள்ளும் பொருட்டுச் சோதிக்கப்படுகின்றன. இடைப்பட்ட காலத்தில் அவற்றுக்கு உள்ள ஒரே சோதனை, புகையைப் பற்றிய சோதனையே. பிரேக்கையும் ஸ்டியரிங்கையும் பற்றிக் கேட்பார் இல்லை. டில்லியிலோ பெட்ரோல் வாகனம் பதினைந்து ஆண்டுகளிலும், டீசல் வாகனம் பத்து ஆண்டுகளிலும் சாலையை விட்டு விலக வேண்டும் என்ற ஆணை நீண்ட காலம் நிலவியது. ஆகவே அந்நகரில் ஒரு சொந்தக் கார், விற்பனையான நாள் முதல் விலக்கப்படும் நாள் வரை, ஒரு முறைகூடச் சாலைத் தகுதிக்காகச் சோதிக்கப்படாமலே தன் ஆயுளைக் கழிக்கக்கூடும்.

கண்ணுக்குப் புலப்படாதவை

சோதனை என்பது அளவிடுதல் ஆகும். பார்வையிடுதல் சோதனையின் ஒரு சிறு பகுதியே. இவ்வேறுபாட்டின் முக்கியத்துவத்தை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம்.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் வினாடிக்கு ஏறத்தாழ 16.7 மீட்டர் கடக்கிறது. எதிரே ஒரு குழந்தை ஓடி வருவதைக் கண்டு ஓட்டுநர் பிரேக்கை மிதிக்க ஒரு வினாடி ஆகிறது என்று கொள்வோம். அதற்குள் வாகனம் 16.7 மீட்டர் சென்றுவிடும். பிரேக் நல்ல நிலையில் இருந்து, வேகத்தை வினாடிக்கு வினாடி 6 மீட்டர் வீதம் குறைக்குமாயின், வாகனம் மேலும் 23 மீட்டர் சென்று நிற்கும். ஆக மொத்தம் 40 மீட்டர். பிரேக்கின் ஆற்றல் பாதியாகத் தேய்ந்திருந்தால், அது நிற்பதற்கு 63 மீட்டர் வேண்டும். முதல் வாகனம் முற்றிலும் நின்றுவிட்ட இடத்தை இரண்டாவது வாகனம் கடக்கும்போது, அதன் வேகம் இன்னும் மணிக்கு 42 கிலோமீட்டர் இருக்கும். அந்த வேகத்தில் மோதப்படும் குழந்தையின் உயிருக்கே அபாயம் நேரலாம்.

இவ்விரண்டு வாகனங்களையும் ஒரு மைதானத்தில் அருகருகே நிறுத்தி வைத்தால், எந்த அதிகாரியாலும் வெறுங்கண்ணால் வேற்றுமை காண முடியாது. சிறிது தூரம் ஓட்டிப் பார்த்தாலும் ஐயம் முழுதும் தீராது. ஆனால் அதற்கென அமைந்த கருவி அதனைச் சில நிமிடங்களில் காட்டிவிடும். வாகனத்தின் சக்கரங்களை இரட்டை உருளைகளின் மீது ஏற்றி, மோட்டாரால் அவ்வுருளைகளை மெதுவாகச் சுழற்றுகிறார்கள். ஓட்டுநர் பிரேக்கை மிதிக்கும்போது, சக்கரம் உருளையை எதிர்க்கும் விசை ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியே பதிவாகிறது. விசைகளின் கூட்டுத்தொகையை வாகனத்தின் எடையால் வகுத்தால் பிரேக்கின் திறன் சதவிகிதமாகக் கிடைக்கிறது. இடச் சக்கரத்துக்கும் வலச் சக்கரத்துக்கும் உள்ள வேற்றுமையும் தெரிகிறது. இவ்வேற்றுமை மிகுந்தால், மழை நாளில் அவசரமாகப் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுத்துச் சென்றுவிடும். சக்கரங்கள் நேராக உருள்கின்றனவா என்பதைச் சறுக்குத் தகடும், விளக்கின் திசையையும் செறிவையும் ஒளிமானியும் காட்டுகின்றன. டீசல் புகையின் அடர்த்தியை, அது ஒளியை எவ்வளவு மறைக்கிறது என்பதைக் கொண்டு அறிகின்றனர்.

கண் பார்வையை மட்டுமே நம்பும் சோதனை எதை வளர்க்கும் என்பதற்குத் தமிழ்நாட்டு லாரித் தொழிலில் உதாரணம் உண்டு. நாமக்கல், கரூர்ப் பகுதிகளில் 'எஃப்.ஸி. காட்டுவது' என்றாலே வண்டிக்குப் புதுவர்ணம் பூசுவது என்று பொருள்படும். வர்ணம் பூசுவதில் தவறில்லை. துருப்பிடிப்பதை அது தடுக்கிறது. ஆயினும் வர்ணம் பார்ப்பவர் கண்ணுக்குத் தெரியும். பிரேக்கின் விசை தெரியாது. சோதிப்பவர் எதைப் பார்ப்பாரோ, அதிலேயே உரிமையாளரின் பணம் செல்லும்.

சான்று இருந்தும் பாதுகாப்பு இல்லாமற்போகலாம் என்பதைத் தமிழகம் மிகக் கொடிய முறையில் உணர நேர்ந்தது. 2012-ம் ஆண்டு ஜூலை 25 அன்று, தாம்பரம் அருகே, இரண்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி பள்ளிப் பஸ்ஸின் அடித்தளத்தில் இருந்த ஓட்டை வழியே கீழே விழுந்து, அதே பஸ்ஸின் சக்கரத்தில் சிக்கி மாண்டாள். அந்தப் பஸ் தகுதிச் சான்று பெற்றிருந்த பஸ்தான். சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே முன்வந்து இதனை விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. அவ்வாண்டிலேயே பள்ளி வாகனங்களுக்கெனத் தனி விதிகள் பிறந்தன. அவற்றின் பயனாக, ஒவ்வோராண்டும் கோடை விடுமுறையில் பள்ளி வாகனங்களை மைதானத்தில் நிறுத்தி அதிகாரிகள் சோதிக்கும் வழக்கம் ஏற்பட்டது. ஓர் உயிர் போன பிறகே சான்றின் பொருள் என்ன என்ற கேள்வி எழுந்தது.

தலைநகரின் அனுபவம்

டில்லியில் போக்குவரத்து வாகனங்களைச் சோதிக்க இரண்டு இடங்கள் பெயர் பெற்றன. ஒன்று, நகரின் வடகோடியில் உள்ள புராரி. மற்றொன்று, தென்மேற்கு எல்லையில், நஜஃப்கருக்கு அப்பால் உள்ள ஜுல்ஜுலி. புராரியில் பெரும்பாலும் அதிகாரி பார்வையிட்டே சான்று வழங்கினார். ஜுல்ஜுலியில் மேற்கூறிய கருவிகளைக் கொண்ட தானியங்கி நிலையம் அமைந்தது.

கருவியுள்ள இடத்திலேயே வாகனங்கள் குவிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. நடந்தது அதற்கு நேர்மாறானது. டில்லியின் வாகன மாசு பற்றிய தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை 2025-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சட்டசபையில் வைக்கப்பட்டது. 2021-ம் ஆண்டு மார்ச்சு வரையிலான காலத்தை அது ஆராய்ந்தது. ஜுல்ஜுலி நிலையத்தின் ஆற்றலில் சிறு பகுதியே பயன்பட்டதென்றும், மிகப் பெரும்பாலான வாகனங்கள் கண்ணால் பார்க்கும் சோதனையிலேயே தேறினவென்றும் அது எடுத்துக்காட்டியது.

இதற்கு வாகன உரிமையாளர்களை மட்டும் குறை கூறுவது பொருந்தாது. பதர்ப்பூரில் இருக்கும் ஓர் ஆட்டோ ஓட்டுநருக்குப் புராரியும் தொலைவு, ஜுல்ஜுலியும் தொலைவு. போக வர ஒரு நாள் கூலி போகும். கருவி சோதித்து ஒரு குறை கண்டால், பழுது பார்த்த பின் இன்னொரு நாள் கூலியும் போகும். எளிதில் தேறக்கூடிய இடமும், உண்மையை அளக்கும் இடமும் சம தூரத்தில் இருந்தால், சாமானியர் எதனை நாடுவார் என்று கேட்கவேண்டியதில்லை. இத்தகைய வாய்ப்பை அவர் முன் வைத்த ஏற்பாட்டிலேயே குறை உள்ளது.

புகைச் சோதனையில் நிலைமை வேறு விதமானது. அங்கே தொலைவு ஒரு தடையன்று. நகரெங்கும் பெட்ரோல் நிலையங்களில் நூற்றுக்கணக்கான புகைச் சோதனைச் சாவடிகள் உள்ளன. கருவியும் உண்டு. ஆனால் கருவி கூறியதைச் சாவடி மதிக்கவில்லை. அதே அறிக்கையின்படி, வரம்புக்கு மேல் நச்சு வாயு வெளியிட்டதாகக் கருவியே பதிவு செய்த ஏறத்தாழ 1.08 லட்சம் வாகனங்களுக்குத் 'தேறியது' என்ற சான்று அளிக்கப்பட்டிருந்தது. ஒரே சாவடியில் ஒரே நேரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட வாகனங்கள் சோதிக்கப்பட்டதாக 7,643 பதிவுகள் இருந்தன. சோதனையும் சான்றும் ஒரே நிமிடத்தில் முடிந்ததாக 76,865 பதிவுகள் இருந்தன. யந்திரத்தைச் சூடேற்றி, குழாயைப் பொருத்தி, அளவு நிலைபெறும் வரை காத்திருந்து பார்க்கும் வேலை ஒரு நிமிடத்தில் முடியாது.

ஆகவே அருகாமை மட்டும் போதாது. கருவி மட்டும் போதாது. அருகில் இருக்கும் கருவியின் சொல் இறுதியானதாகவும், பின்னர் எவரும் சரிபார்க்கக் கூடியதாகவும் இருத்தல் வேண்டும்.

வயது என்னும் அளவுகோல்

இச்சோதனைகளைவிட டில்லியில் வேறோர் அளவுகோல் முதலிடம் பெற்றது. அதுதான் வாகனத்தின் வயது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2014-ம் ஆண்டு நவம்பரில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட வாகனங்களையும், 2015-ம் ஆண்டு ஏப்ரலில் பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட டீசல் வாகனங்களையும் தலைநகரச் சாலைகளிலிருந்து விலக்கியது. உச்ச நீதிமன்றம் 2018-ம் ஆண்டு அக்டோபரில் டீசலுக்குப் பத்து, பெட்ரோலுக்குப் பதினைந்து என்ற வரம்பை நிலைநாட்டியது. 2025-ம் ஆண்டு ஜூலை 1 முதல் இத்தகைய வாகனங்களுக்கு எரிபொருள் விற்கலாகாது என்ற ஏற்பாடு அமலுக்கு வந்து, மக்களின் எதிர்ப்பினால் சில நாட்களிலேயே நிறுத்தி வைக்கப்பட்டது. அவ்வாண்டு ஆகஸ்டில், வயதை மட்டும் காரணமாகக் காட்டி உரிமையாளர்கள் மீது கடுமையான நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. டிசம்பரில் அப்பாதுகாப்பை பாரத் நான்காம் நிலையும் அதற்குப் பிற்பட்ட நிலைகளும் உடைய வாகனங்களுக்கு மட்டும் உரியதாக்கியது.

வயதை எண்ணுவது எளிது. பதிவுச் சான்றைப் பார்த்தால் போதும். கருவியும் வேண்டாம், கைத்திறனும் வேண்டாம். ஆயினும் விஞ்ஞான நோக்கில் வயது ஒரு மறைமுகக் குறியே அன்றி, நிலையை நேரே காட்டும் அளவு ஆகாது. ஓய்வு பெற்ற ஊழியர் ஒருவர் வாரம் இருமுறை கடைக்குச் சென்றுவரும் பதினோராண்டு டீசல் காரும், இரவும் பகலும் ஓடி நான்கு லட்சம் கிலோமீட்டரைக் கடந்துவிட்ட ஒன்பதாண்டு டாக்ஸியும் ஒரு சாலையில் எதிர்ப்படலாம். வயதின் அளவுகோலில் முன்னது குற்றவாளி, பின்னது குற்றமற்றது. உருளையின் மீதும் புகைமானியின் முன்பும் நிறுத்தினால் தீர்ப்பு மாறக்கூடும்.

வயது வரம்பை ஆதரிப்போர் கூறுவதிலும் உண்மை இல்லாமல் இல்லை. பழைய நிலையைச் சேர்ந்த வாகனம் எவ்வளவு நன்கு பராமரிக்கப்பட்டாலும், 2020-ம் ஆண்டு ஏப்ரல் முதல் நாடெங்கும் கட்டாயமான பாரத் ஆறாம் நிலை வாகனத்தைப் போல் தூய்மையாக இராது; அதன் அமைப்பே அத்தகையது. மேலும், இன்றைய புகைச் சோதனை மிக நுண்ணிய துகள்களையும் நைட்ரஜன் ஆக்ஸைடுகளையும் அளப்பதில்லை. டில்லியின் காற்றோ குளிர்காலத்தில் பொறுக்க முடியாத நிலையை அடைகிறது. சோதனை சீர்படும் வரை கைகட்டிக் காத்திருக்க முடியுமா என்பது நியாயமான கேள்வியே. ஆனால் இவ்வாதத்தை ஊன்றி நோக்கினால், அது வாகனத்தின் உற்பத்தி நிலையையும் சோதனையின் தரத்தையும் பற்றியதே என்பது விளங்கும். பிறந்த ஆண்டு அவ்விரண்டுக்கும் பதிலாக நிறுத்தப்பட்ட ஒரு குறிதான். அன்றியும், வயது வரம்பு பிரேக்கைப் பற்றி ஒன்றுமே கூறுவதில்லை. ஐந்து வயதுக் காரின் தேய்ந்த பிரேக்கை அது கண்டுபிடிக்காது.

பிற நாடுகளில்

பிரிட்டன் இச்சோதனையை 1960-ம் ஆண்டில் தொடங்கியது. முதலில் பத்து வயதுக்கு மேற்பட்ட வாகனங்களுக்கே அது விதிக்கப்பட்டது. பிரேக், விளக்கு, ஸ்டியரிங் ஆகிய மூன்றுமே பார்க்கப்பட்டன. அடுத்த ஆண்டிலேயே வயது ஏழாகவும், 1967-ல் மூன்றாகவும் குறைக்கப்பட்டது. அங்கே வயது, சோதனை தொடங்க வேண்டிய காலத்தைக் குறிக்கிறது. வாகனத்தின் ஆயுள் முடியும் காலத்தைக் குறிக்கவில்லை. சோதனை நிலையத்தைத் தேடுவதும் அங்கே கடினமன்று. அனுமதி பெற்ற பட்டறைகள் இருபதினாயிரத்துக்கு மேல் உள்ளன. நீலப் பலகையில் மூன்று வெண் முக்கோணங்கள் அவற்றின் அடையாளம். ஜெர்மனியில் தேறிய வாகனத்தின் எண் பலகையில் அடுத்த சோதனைக்குரிய காலத்தைக் காட்டும் வட்ட முத்திரை 1961 முதல் ஒட்டப்பட்டு வருகிறது. வழியில் செல்லும் எவரும் அதனைக் காணலாம்.

பிரிட்டனின் முறையில் ஓர் இடர் உண்டு. சோதிப்பவரே பழுது பார்ப்பவராகவும் இருந்தால், இல்லாத குறையைக் கண்டு பணம் பறிக்க இடமுண்டு. இந்தியாவில் 2021-ம் ஆண்டு செப்டம்பரில் தானியங்கிச் சோதனை நிலையங்களுக்கென வகுக்கப்பட்ட விதிகள் இவ்விடரை முன்கூட்டியே தடுத்தன. சோதிக்கும் நிலையம் வாகனங்களைப் பழுது பார்க்கவோ, வாகனங்களையும் உதிரி பாகங்களையும் விற்கவோ கூடாது என்பது அவற்றின் விதி. இது வரவேற்கத்தக்கது. கனரக வாகனங்கள் இந்நிலையங்களில்தான் சோதிக்கப்பட வேண்டும் என்பதற்கு முதலில் 2023 ஏப்ரல் 1 நாளாகக் குறிக்கப்பட்டது. பின்னர் அது 2024 அக்டோபர் 1-க்குத் தள்ளி வைக்கப்பட்டது. விதி இயற்றுவது விரைவில் முடிந்தது. நிலையம் கட்டுவது பின்தங்கியது. டில்லியில் நந்த் நகரி, தெஹ்கண்ட் ஆகிய இடங்களில் புதிய நிலையங்கள் அமைக்கும் திட்டம் 2025-ல் எடுத்துக்கொள்ளப்பட்டது.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, சோதனை நிலையங்கள் மக்கள் வாழும் இடத்துக்கு அருகில் வரவேண்டும். ஒவ்வொரு மாவட்டத்திலும் ஒரு தானியங்கி நிலையமேனும் இருந்தால், ஆட்டோ ஓட்டுநர் அரை நாளில் வேலையை முடித்துக்கொண்டு திரும்பலாம். தோல்வியுற்றவர் பழுது பார்த்து மறுபடி வருவதும் எளிதாகும். சாலையோரத்தில் யாவரும் அறியத்தக்க ஒரு பொது அடையாளப் பலகையும் வேண்டும்.

இரண்டாவதாக, சான்றில் 'தேறியது' என்ற சொல்லோடு அளவுகளும் எழுதப்பட வேண்டும். பிரேக்கின் திறன் எத்தனை சதவிகிதம், இட வலச் சக்கரங்களின் வேற்றுமை எவ்வளவு, புகையின் அடர்த்தி எவ்வளவு என்பன உரிமையாளரின் கையில் எண்களாகக் கிடைத்தால், அடுத்த ஆண்டின் எண்களோடு அவர் ஒப்பிட்டுப் பார்க்கலாம். பழைய வாகனம் வாங்குவோருக்கும் அது உதவும். ஒரு நிமிடத்தில் எழுதப்பட்ட பொய்யான சான்றுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கவும் எண்களே வழி செய்யும்.

மூன்றாவதாக, அளக்கும் கருவியையே அளந்து பார்க்க வேண்டும். மளிகைக் கடைக்காரரின் எடைக்கற்களுக்கு அரசாங்க முத்திரை வேண்டும் என்பதை அனைவரும் ஏற்கின்றனர். ஒரு கிலோ அரிசிக்கு உள்ள இக்காவல், ஒரு பஸ்ஸின் பிரேக்குக்கும் இருக்க வேண்டாமா? 1950-ம் ஆண்டில் திறக்கப்பட்டு, டாக்டர் கே. எஸ். கிருஷ்ணனை முதல் இயக்குநராகக் கொண்ட தேசிய பௌதிக ஆராய்ச்சிக்கூடம் டில்லியில்தான் உள்ளது. நாட்டின் மூல அளவைகள் அங்கேதான் காக்கப்படுகின்றன. அளவைகளின் தாயகமான அந்நகரில், பல்லாயிரம் வாகனங்கள் கண்பார்வையால் தகுதி பெற்றது பொருத்தமற்றது. ஒவ்வொரு நிலையத்தின் கருவிகளும் குறித்த காலத்தில் அம்மூல அளவைகளோடு தொடர்புபடுத்திச் சரிபார்க்கப்பட வேண்டும்.

நான்காவதாக, சொந்த வாகனங்களும் இச்சோதனைக்கு உட்பட வேண்டும். எல்லா வாகனங்களையும் ஒரே நாளில் அழைத்தால் நிலையங்கள் தாங்கா. பிரிட்டன் செய்தது போல, பத்து வயதுக்கு மேற்பட்டவற்றில் தொடங்கி, நிலையங்கள் பெருகப் பெருக வயதைக் குறைத்துக்கொண்டு வரலாம்.

இவை நிறைவேறும் வரை உரிமையாளர்கள் வாளா இருக்க வேண்டியதில்லை. சோதனைக்கு நேரம் ஒதுக்கிக் கொள்ளவும், அனுமதி பெற்ற நிலையங்களை அறியவும் 'பரிவாஹன்' என்ற மத்திய அரசாங்க இணையத் தளம் உள்ளது. பதிவுச் சான்று, காப்புறுதி, புகைச் சான்று, வரி ரசீது, பெர்மிட் ஆகியவற்றின் காலக்கெடுவை முன்னரே பார்த்துக்கொள்வது அலைச்சலைக் குறைக்கும். காரின் டயரில் வரியின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையலாகாது. ஆளில்லாத சமதளத்தில் மெதுவாக ஓட்டிப் பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கம் இழுக்குமாயின், சோதனை நாள் வரை காத்திராமல் உடனே பட்டறைக்குச் செல்வதே அறிவுடைமை.

தகுதிச் சான்று என்பது அரசாங்கம் வழிப்போக்கருக்கு அளிக்கும் வாக்கு. பள்ளிப் பஸ்ஸில் குழந்தையை ஏற்றிவிடும் தாய் அதன் பிரேக்கைத் திறந்து பார்ப்பதில்லை; யாரோ ஒருவர் பார்த்திருப்பார் என்று நம்புகிறாள். பதிவேட்டில் உள்ள வயதைக் கொண்டு அந்த நம்பிக்கையைக் காக்க முடியாது. அளந்து கண்ட எண்களைக் கொண்டே அதனைக் காக்க முடியும். அதற்கு வேண்டிய கருவிகளும் விதிகளும் இந்நாட்டில் இருக்கின்றன. அவற்றை மக்களுக்கு அருகே கொணர்ந்து, கருவி கூறுவதை மறைக்காமல் எழுதுவதுதான் எஞ்சியுள்ள வேலை.